வட்டப்பாறையும் முருகம்மாளின் ஆட்சேபணைகளும்

குருவிப்பொத்தையில் எந்தப் பொதுக்காரியமானாலும் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, முருகம்மாள் மதினியிடம் ஓர் ஆட்சேபணையும் வாங்கிக்கொண்டுதான் தொடங்குவோம். தேங்காய் சில சமயம் அழுகலாக இருந்துவிடும். மதினியின் ஆட்சேபணை ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. அதில் பாதியாவது நியாயம் இருந்து தொலைக்கும். அதுதான் எங்களுக்கு எரிச்சல்.

தபால் பெட்டியைப் புளியமரத்தில் தொங்கவிட்டபோது, "அணில் கூடு கட்டிட்டுன்னா காயிதம் போடுதவன் கைய என்ன செய்யும்?" என்று கேட்டாள். சிரித்தோம். மூன்றாம் மாதம் தபால்காரர் விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். மின்கம்பம் நட ஆள் வந்தபோது, "கம்பியில காக்கா உக்காந்தா கீழ காயுத நெல்லுக்கு ஆரு குடை புடிப்பா?" என்றாள். கம்பத்தைத் தள்ளி நட்டார்கள்.

என் பெரியப்பா மகன் கடற்கரை அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு, சுந்தரபாண்டியபுரத்திலிருந்து வந்தவள் அவள். பெண் பார்க்கப் போனபோதே, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "கடலக் கண்ணால காணாதவருக்குக் கடற்கரைன்னு பேரு வச்சிருக்காவளே, இது அடுக்குமா?" என்று கேட்டவள். அண்ணன் எதற்கும் பேசமாட்டார். கல்யாணமான வருஷமே திருச்செந்தூருக்குக் கூட்டிப்போய்க் கடலைக் காட்டினார். மதினி அலையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "இம்புட்டுத் தண்ணி இருந்தும் ஒரு வாய் குடிக்க முடியலயே" என்றாளாம். கடலுக்கே ஆட்சேபணை சொன்னவளுக்குப் பஞ்சாயத்து எம்மாத்திரம்?

அவளுடைய தொழில் நெல் அவித்து அரிசியாக்கி விற்பது. நெல்லை ஊறப்போட்டு, விடியுமுன் அண்டாவில் அவித்து, உமி வாய் பிளந்ததும் இறக்கி, வெயிலில் பரப்பிக் காலால் கிளறிக் கிளறிக் காயவைக்க வேண்டும். காய்ந்த நெல்லை அண்ணன் வண்டியில் ஏற்றித் தென்காசி மில்லில் அரைத்து வருவார். மதினியின் அரிசிக்கு ஏகக் கிராக்கி. அதிலும் ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால், பங்களாக்காரர்களும் சாப்பாட்டுக் கடைக்காரர்களும் வண்டியை எதிர்பார்த்து நிற்பார்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. அரிசி விற்கும் காலமும் சாரல் அடிக்கும் காலமும் ஒன்று. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேற்கே மலை கறுத்து, காற்று திரும்பி, பூவாளியில் தெளித்தாற்போல் வந்துவிடும். அவித்த நெல் நனைந்தால் புளித்த வாடை வந்துவிடும். பிறகு அது கோழிக்குத்தான் ஆகும். அந்த மாதங்களில் மற்ற ஊர்க்காரிகள் அண்டாவைக் கவிழ்த்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். எங்கள் ஊர்க்காரிகளுக்கு மட்டும் வட்டப்பாறை இருந்தது.

ஊர்க் குன்றான பொத்தைக்கு மேற்கே, ஆளுயரம்கூட இல்லாமல், ஒரு கல்யாணப் பந்தல் போடும் அகலத்தில் கிடக்கும் பாறை அது. புறம்போக்கு. அரைமணி நேரம் வெயில் பட்டால் போதும், சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாரல் நின்ற கொஞ்ச நேரத்தில் தானும் காய்ந்து, மேலே கிடப்பதையும் காயவைத்துவிடும். ஏழெட்டு வீட்டுப் பெண்கள் அதை நம்பி இருந்தார்கள். மதினிக்கு அதுதான் வயல், அதுதான் வரப்பு.

பாறைக்கு ஒரு முறை உண்டு. சாரல் வருவதை முதலில் பார்த்தவள் சத்தம் கொடுக்க வேண்டும். சத்தம் கேட்டதும் எல்லாரும் ஓடிவந்து அள்ள வேண்டும். ஆனால், அவரவர் நெல்லைத் தேடி ஓடக்கூடாது. "கிட்ட கெடக்கத அள்ளு, ஆருதுன்னு பொறவு கேளு" என்பதுதான் முறை. தன் நெல்லைத் தேடிக் குறுக்கும் நெடுக்கும் ஓடினால் எல்லார் நெல்லும் மிதிபட்டு நனையும் என்று யாரோ என்றைக்கோ கண்டுபிடித்தது. காலையில் தண்ணீர்க் குடத்துக்காக மயிரைப் பிடித்துச் சண்டை போட்டவளின் நெல்லைத்தான் மத்தியானம் அள்ள வேண்டியிருக்கும். அள்ளுவார்கள். அள்ளி முடித்துவிட்டுச் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடருவார்கள்.

ஐம்பத்தேழில் அந்தப் பாறைக்குப் பக்கத்துக் காலி நிலத்தில் நெசவாளர்களுக்குப் பன்னிரண்டு வீடு கட்டச் சர்க்கார் உத்தரவு வந்தது. தென்காசிச் சந்துகளில் ஒண்டுக் குடித்தனம் இருந்த தறிக்காரர்களுக்காக. நான் அப்போது பஞ்சாயத்து மெம்பர். மனப்பூர்வமாக ஒப்புக்கொண்டேன். ஊரில் ஆளுக்கொரு முணுமுணுப்பு. வெளியூர் ஆள் வந்தால் கிணறு வற்றும் என்றான் ஒருவன். வேற்று மதத்துக்காரர்கள், கோயில் கொடைத் திருவிழாவுக்கு எப்படி நடந்துகொள்வார்களோ என்றான் இன்னொருவன். முணுமுணுத்தவர்கள் எல்லாரும் தாசில்தார் வந்த அன்று வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு கும்பிட்டார்கள். எழுந்து நின்று பேசியது மதினி ஒருத்திதான்.

"ஆரு வேணாலும் வரட்டும், எந்தச் சாமிய வேணாலும் கும்பிடட்டும். அது எனக்கெதுக்கு? சாயங்கால வெயில அந்தச் சுவரு மறைக்கும். கோழி வளப்பாவ, கோழி நெல்லத் திங்கும். பிள்ளையள் ஓடி வெளயாடும். பாறை போச்சுன்னா நான் எங்கன காயப்போட?"

"நெல்லை எங்க வேணாலும் காயப்போடலாம் மதினி" என்றேன் நான், தாசில்தாருக்குக் கேட்கும்படி.

"எங்கன? உம்ம தலையிலயா கொழுந்தனாரே? அங்கனயும் வழுக்கையா, நல்லாத்தான் காயும்."

தாசில்தார்கூடச் சிரித்துவிட்டார். ஆனாலும் வீடுகள் வந்தன. மறுவருஷம் பன்னிரண்டு குடும்பமும் பெட்டி, தறி, கோழி சகிதம் வந்து இறங்கின.

பாறையை ஒட்டிய முதல் வீடு மூசாவுடையது. அவர் மனைவி ஜாஹிரா பீவி. வந்த மறுநாளே ஜாஹிரா ஒரு கிண்ணத்தில் நெய்ச்சோறு கொண்டுவந்து மதினி வாசலில் நின்றாள். மதினி வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு, "கோழிய அடைச்சு வையும்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அன்று முதல் ஜாஹிரா தன் ஐந்து கோழிகளையும் பொழுது சாயும்வரை பஞ்சாரக் கூடைக்குள் கவிழ்த்தே வைத்திருந்தாள். அதுகள் உள்ளேயிருந்து கத்தும் கத்தலுக்கும் மதினி ஆட்சேபணை சொன்னாள்.

தறிக்காரர்களுக்கும் ஒரு காயவைக்கும் வேலை இருந்தது. தறியில் ஏற்றும் நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி உலர்த்துவார்கள். அதற்குப் பாவு என்று பெயர். ஆயிரக்கணக்கான இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாதபடி இடையிடையே மூங்கில் குச்சிகளைச் செருகியிருப்பார்கள். வீடுகளுக்கும் வட்டப்பாறைக்கும் நடுவே இருந்த பாதையில்தான் பாவு நீட்டினார்கள். தன் பாறைக்கு எதிரே இப்படி ஒரு வெள்ளை நூல்தெரு நீண்டு கிடப்பதை மதினி கடைக்கண்ணால் பார்ப்பாள். என்ன ஏது என்று கேட்டதில்லை. கேட்டால் பேச்சு வளர்ந்துவிடும். பேச்சு வளர்ந்தால் ஆட்சேபணை தளர்ந்துவிடும் என்ற பயமோ என்னவோ.

இரண்டாம் வருஷம் ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் வெயில் சுணங்கியதால் பாவு உலரவில்லை. ஆண்கள் அதை அப்படியே விட்டுவிட்டு ஜும்மாவுக்குத் தென்காசிப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். பெண்கள் அடுப்படியில் இருந்தார்கள். பாறையில் அன்று மதினியின் நெல் மட்டும்தான், அதுவும் கிழக்கு ஓரத்தில் கிடந்தது. மற்ற பெண்கள் ஆய்க்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மதினி தண்ணீர் குடிக்கப் பாதைப் பக்கம் இறங்கி வந்த நேரம், மலை கறுத்துக் காற்று திரும்பியது.

"சாரலு! சாரலு வருது!"

சத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். கைக்குக் கிட்டத்தில் கிடந்தது பாவு. அவள் நெல் பாறையின் அந்தக் கோடியில். யோசிக்க நேரமில்லை, யோசித்திருந்தால் தன் நெல்லைப் பார்த்து ஓடியிருப்பாள் என்று பிற்பாடு அவளே சொன்னாள். கால் ஓடவில்லை, கை ஓடியது. இருபது வருஷப் பழக்கம்.

ஆனால், அந்தக் கைக்கு நெல்லை அள்ளத்தான் தெரியும். பாவைக் கட்டியிருந்த முளையைப் பிடுங்கினாள். கயிற்றை அவிழ்த்தாள். இடையில் செருகியிருந்த குச்சிகளைப் பார்த்து, எடுத்து வைக்க மறந்துவிட்டார்கள் போல என்று நினைத்து, ஒவ்வொன்றாக உருவி, ஒன்றுகூட ஒடியாமல் விறகு அடுக்குவதுபோல் அடுக்கினாள். பிறகு நூலை அப்படியே வாரிக் குவித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய் ஜாஹிராவின் வீட்டுக்குள் இறக்கினாள். ஒரு துளி படவில்லை.

அகப்பையோடு வந்த ஜாஹிரா, தன் புருஷன் ஒரு மாதம் நெய்ய வேண்டிய நூல் வைக்கோல் பொதிபோலக் கிடப்பதைப் பார்த்தாள். "யா அல்லா" என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வெளியே பார்த்தாள். சாரல் வலுத்துவிட்டது. பாறையின் கோடியில் மதினியின் நெல் நனைந்துகொண்டிருந்தது.

"அக்கா, ஒங்க நெல்லு அங்கன நனையுதே! அத விட்டுட்டு இத எதுக்கு அள்ளுனீய?"

மதினிக்கு மூச்சு வாங்கியது. "இதுதான் கிட்ட கெடந்துச்சு" என்றாள்.

ஜாஹிரா அகப்பையைப் போட்டுவிட்டு ஓடினாள். பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் ஓடினார்கள். துப்பட்டியில், முறத்தில், தொட்டில் துணியில் அள்ளினார்கள். பாதி நெல் தப்பியது. மீதிப் பாதி ஜாஹிராவின் கோழிகளுக்குப் போயிற்று. இரண்டு வருஷமாகப் பஞ்சாரத்துக்குள்ளிருந்து அந்த நெல்லைப் பார்த்து ஏங்கிய கோழிகள். அதுகளுக்கும் ஒரு காலம் வந்தது.

பாவைச் சிக்கெடுக்க ஒரு வாரத்துக்கு மேலாயிற்று. செய்தது என்ன என்று தெரிந்ததும் மதினி குன்றிப்போனாள். தினமும் நெல்லைப் பரப்பிவிட்டு வந்து ஜாஹிராவோடு உட்கார்ந்து இழை இழையாகப் பிரித்தாள். அரிசியில் கல் பொறுக்கும் கண் அவளுக்கு. ஜாஹிராவின் தங்கை அலிமாவும் தென்காசியிலிருந்து வந்து உட்கார்ந்தாள். அலிமாவும் அவள் புருஷன் பரீதும் இன்னும் சந்துக்குள் ஒழுகும் ஓர் அறையில்தான் இருந்தார்கள். முதல் வரிசையில் அவர்களுக்கு வீடு கிடைக்கவில்லை. மூன்று பெண்களும் உட்கார்ந்து பேசிய பேச்சில் பாவைவிட நீளமான கதைகளெல்லாம் அவிழ்ந்தன. மூன்றாம் நாள் நான் அந்தப் பக்கம் போனபோது, மதினி ஜாஹிராவை "ஏட்டி" என்று உரிமையோடு கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் மூசா டீக்கடையில் என்னை ஓரமாக அழைத்துப்போனார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

"பாவு நனைஞ்சா என்னா மெம்பரய்யா? மறுபடியும் கஞ்சியத் தடவி ஒரு வெயில்ல ஒணத்துனாப் போச்சு. நனைய விட்டுருந்தா ஒரு சேதாரமும் கெடையாது. ஒங்க மதினி காப்பாத்துனாவ பாருங்க, அதுதான் எங்களுக்கு வந்த கேடு."

"ஐயையோ, அவளுக்குத் தெரியுமா?"

"சொல்லப்படாதுன்னு ஜாஹிரா சத்தியம் வாங்கிட்டா. தன் நெல்ல விட்டுட்டு ஓடியாந்த கை அது, அதுக்கு ஒரு மனவருத்தம் வரப்படாதுங்கா. சொன்னா அன்னையோட எனக்கு இந்த வீட்டுல கஞ்சி கெடையாதாம்."

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும், நானும் அதை மதினியிடம் சொல்லவில்லை.

அறுபத்துமூன்றில் இரண்டாவது வரிசைக்கு உத்தரவு வந்தது. ஐந்து வீடுகள். இந்தத் தடவை வட்டப்பாறைக்கே ஆபத்து. பாறையை வெடிவைத்து உடைத்து, அந்தக் கல்லிலேயே அஸ்திவாரம் போட்டு, சமமாக்கிய இடத்தில் வீடு கட்டுவதாகத் திட்டம். பாறையைத் தொடாமல் கிழக்குப் பக்கம் கட்டினால் நான்கு வீட்டுக்குத்தான் இடம் இருக்கும். ஐந்தாவது பெயர் அலிமாவுடையது. நான் பாறையை உடைக்கலாம் என்ற கட்சி. கல் பெரிதா, குடியிருக்கும் மனிதர் பெரிதா என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டு திரிந்தேன்.

ஆட்சேபணை கேட்க ஓர் அதிகாரி வந்தார். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் காலையில் கூட்டம். மதினி வெள்ளென எழுந்து குளித்து, நல்ல சேலை உடுத்தி, முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள். எழுந்து பாறையின் பெருமையை எல்லாம் சொன்னாள். சூடு, சாரல், ஏழெட்டு வீட்டு அடுப்பு, எதையும் விடவில்லை. அதிகாரி பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர்தான்.

"அம்மா, உங்க கஷ்டம் புரியுது. ஆனா, ஒரு வீடு குறையும். அந்த வீட்டுக்குக் காத்திருக்கிறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

மதினி வாயைத் திறந்தாள். கூட்டத்தின் ஓரத்தில் அலிமா கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். அந்தக் குழந்தைக்கு மழைக்காலம் முழுக்க நெஞ்சுச்சளி. மருந்து அரைத்துக் கொடுத்தவளே மதினிதான். அவளைப் பார்த்ததும் மதினிக்குச் சொல் வரவில்லை. சேலை முனையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். என் ஆயுசில் முருகம்மாள் மதினி பாதிப் பேச்சில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

"வேறு யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்றார் அதிகாரி.

"எனக்கு உண்டு" என்று ஒரு குரல் வந்தது. ஜாஹிரா பீவி எழுந்து நின்றாள். ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் அவள் அதுவரை பேசியதே இல்லை. முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"பாறைய ஒடைக்கப்படாதுங்கய்யா. நாலு வீடே போதும்."

"லாத்தா..." என்று அலிமா அக்காவைப் பார்த்தாள். குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

அதிகாரிக்கு யாரோ காதில் சொன்னார்கள். அவர் ஆச்சரியத்தோடு, "அந்த ஐந்தாவது வீடு உங்க தங்கைக்குத்தானேம்மா?" என்றார்.

"ஆமாங்கய்யா. எந் தங்கச்சிதான்." ஜாஹிரா அழுதுகொண்டே பேசினாள். "ஆனா இந்த ஊருல ஒரு மொற இருக்கு. கிட்ட கெடக்கத அள்ளணும். ஆருதுன்னு பொறவுதான் கேக்கணும். அந்த அக்கா அள்ளுனாவ. இப்பம் அவுக பாறை எங் கைக்குக் கிட்ட கெடக்கு."

மூசா தலையைக் குனிந்துகொண்டார்.

மதினி மறுபடி எழுந்தாள். எழுந்த வேகத்தில் பக்கத்தில் இருந்தவளின் வெற்றிலைச் செல்லம் கவிழ்ந்தது.

"எனக்கு இன்னொரு ஆட்சேபணை இருக்கு" என்றாள். குரல் திரும்பி வந்துவிட்டது. "அலிமாவுக்கு வீடு இல்லன்னு ஆரும் சொல்லப்படாது. எங்க வீட்டுக்குப் பொறத்தால வைக்கப்படப்பு போடுத எடம் இருக்கு. இவுக வரிசைய ஒட்டித்தான் கெடக்கு. அங்கன அந்த அஞ்சாவது வீட்டக் கெட்டுங்க. வைக்கோல நான் எங்கனயும் போட்டுக்கிடுதேன்."

"எங்கன போடுவீய மதினி?" என்று கேட்டுவிட்டேன். பழக்கதோஷம்.

"உம்ம வீட்டு முத்தத்துல" என்றாள்.

அதிகாரி எழுதத் தொடங்கினார். மதினி விடவில்லை. "அதுலயும் ஒரு ஆட்சேபணை உண்டுங்கய்யா. வாசல மேக்க பாக்க வச்சிராதிய. சாரல் நேரா உள்ள வரும். பிள்ளைக்கு நெஞ்சுச்சளி."

"இடம் யார் பேரில் இருக்கு?"

எல்லாரும் கடற்கரை அண்ணனைப் பார்த்தோம். அவர் மரத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வாசல் மேக்க வேண்டாம்னு சொல்லியாச்சுல்லா? பொறவென்ன" என்றார். அவர் ஒரு பொதுக்கூட்டத்தில் பேசிய முதல் பேச்சு அதுதான், எனக்குத் தெரிந்து கடைசிப் பேச்சும் அதுதான்.

பாறையை உடைக்கச் சொன்ன மெம்பராகிய நான் அன்று முதல் ஆளாகக் கை தூக்கினேன். வெட்கமாக இல்லை. பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த வருஷம் அலிமா வீட்டில் பால் காய்ச்சினார்கள். வாசல் கிழக்கே, மதினியின் கொல்லையைப் பார்த்து இருந்தது. மதினி பெரிய மனுஷியாக நடுவில் உட்கார்ந்து, ஜன்னல் சிறிது, படி உயரம், சுண்ணாம்பு போதாது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று சந்தோஷத்தில் மூசாவுக்கு நிதானம் தவறிவிட்டது. பேச்சுவாக்கில், நனைந்த பாவுக்குச் சேதாரம் கிடையாது என்ற சங்கதியை உளறிவிட்டார். ஜாஹிரா முறைப்பதற்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

மதினி கையில் இருந்த தம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்பம் எந் நெல்லு சும்மாத்தான் நனைஞ்சுதாட்டி?"

ஜாஹிரா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே புதுத் தொட்டிலில் தூங்கும் குழந்தையை, வெள்ளையடித்த சுவரை, கிழக்கு வாசலை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "சும்மாவா நனைஞ்சுது அக்கா?" என்றாள்.

மதினி சேலைத் தலைப்பால் மூக்கை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "இருந்தாலும் இத்தன வருசம் எங்கிட்ட மறைச்சதுக்கு எனக்கு ஆட்சேபணை உண்டு" என்றாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது அது.

ஜாஹிரா சொன்ன சொல் தவறாதவள். மூசாவுக்கு அன்று அவர் வீட்டில் கஞ்சி கிடைக்கவில்லை. மதினி வீட்டில்தான் குடித்தார், வட்டப்பாறையில் காய்ந்த அரிசிக் கஞ்சி.